சென்னையில் தைத்த நடன உடுப்புக்குக் கூரியர் 164 டொலர் கேட்கிறது – கட்டத்தான் வேண்டுமா?

ஸ்கார்பரோ அம்மா:
வணக்கம். இங்கே கனடாவில் மகளின் பரதநாட்டிய நிகழ்ச்சி வரும் சனிக்கிழமை. மயிலாப்பூரில் ஒரு தையல்காரரிடம் அளவு கொடுத்து உடுப்புத் தைப்பித்தேன். செயற்கைப் பட்டு, மாம்பழ மஞ்சளில் ஊதாக் கரை, முன்னால் விசிறி மடிப்பு. உடுப்புக்கு 15,500 ரூபா, அனுப்பும் செலவு 6,200 ரூபா. இரண்டையும் அவரிடமே கட்டிவிட்டேன். அத்தோடு செலவு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

இன்று காலை கூரியரிடமிருந்து செய்தி வந்தது: 164.15 டொலர் கட்டினால்தான் பெட்டி வீட்டுக்கு வருமாம். விபரம் கேட்டதற்கு இதை அனுப்பினார்கள்:

பொருளின் பெறுமதி 350.00
சுங்கத் தீர்வை 63.00
எச்எஸ்டி (விற்பனை வரி) 53.69
சுங்க விடுவிப்புக் கட்டணம் 30.00
முற்பணக் கட்டணம் 12.00
கட்டணங்களுக்கு எச்எஸ்டி 5.46

உடுப்பின் விலையே 250 டொலர்தான். 150 டொலர் வரை தீர்வை இல்லை என்று வேலையிடத்தில் சொன்னார்கள். இன்று புதன்கிழமை. பிள்ளை ஒவ்வொரு மணித்தியாலமும் "வந்துவிட்டதா அம்மா" என்று கேட்கிறாள். யாராவது வழி சொல்லுங்கள்.

மார்க்கம்வாசி:
அக்கா, முதலில் அந்தச் செய்தியில் உள்ள இணைப்பை அழுத்தாதீர்கள். வரி பாக்கி என்று பொய்ச் செய்தி அனுப்பிக் காசு பறிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கூரியரின் சொந்தத் தளத்துக்குப் போய், தையல்காரர் தந்த இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள்.

ஸ்கார்பரோ அம்மா:
பார்த்தேன் தம்பி. உண்மையான பில்தான். அங்கேயும் அதே தொகை.

பிரம்டன் சிவா:
அடுத்த முறை தையல்காரரிடம் சொல்லி 'அன்பளிப்பு, 50 டொலர்' என்று எழுதுவியுங்கள். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

பழைய சுங்க முகவர்:
சிவா, தயவுசெய்து அந்த யோசனையைச் சொல்லாதீர்கள். 60 டொலர் வரை அன்பளிப்புக்கு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அது ஒருவர் இன்னொருவருக்குத் தானாக அனுப்புகிற பொருளுக்கு. காசு கொடுத்து வாங்கியது அன்பளிப்பு ஆகாது. பொய்ப் பெறுமதி பிடிபட்டால் பொருளே பறிபோகலாம். சனிக்கிழமை மேடை ஏற இருக்கும் பிள்ளையின் உடுப்பை வைத்து அந்த விளையாட்டு வேண்டாம்.

அக்கா, நான் பதினொரு வருடம் சுங்க முகவர் நிறுவனத்தில் வேலை செய்தவன். உங்கள் பில்லில் இரண்டு வேறு சங்கதிகள் கலந்து கிடக்கின்றன. தீர்வையும் முதல் எச்எஸ்டியும் அரசாங்கத்துக்குப் போகிறவை. மற்ற மூன்று தொகைகளும், உங்களுக்குப் பதிலாகச் சுங்க வேலையைச் செய்து, காசையும் முன்கூட்டியே கட்டியதற்காகக் கூரியர் கேட்பவை. இவை கனடா அரசாங்கம் விதித்தவை அல்ல.

நீங்கள் கேள்விப்பட்ட 150 டொலர் சலுகை 2020 ஜூலை 1 முதல் இருக்கிறது. ஆனால் அது அமெரிக்காவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் கூரியரில் வருகிற பொருளுக்கு மட்டும்தான். அங்கிருந்து வந்தால் 40 டொலர் வரை வரியும் இல்லை, 150 வரை தீர்வையும் இல்லை. இந்தியாவிலிருந்து வந்தால் வெறும் 20 டொலர்தான் எல்லை. தைத்த உடுப்புக்கு 18 வீதம் போட்டிருக்கிறார்கள். அதில் பிழை இல்லை.

பிழை பில்லின் முதல் தொகையில் இருக்கிறது. 350 எப்படி வந்தது? 15,500உடன் 6,200ஐயும் கூட்டி, 62 ரூபா கணக்கில் டொலராக்கியிருக்கிறார்கள். தையல்காரர் இன்வொய்ஸில் ஒரே தொகையாக 21,700 என்று எழுதியிருப்பார், பார்த்துச் சொல்லுங்கள். கனடாவில் தீர்வை பொருளின் பெறுமதிக்குத்தான். அங்கிருந்து இங்கே கொண்டுவரும் செலவு தனியாகக் காட்டப்பட்டிருந்தால் அதைக் கழித்துவிட வேண்டும். சரியான கணக்கு: 250க்கு 18 வீதம் 45 டொலர். 295க்கு 13 வீதம் எச்எஸ்டி 38.35. மொத்தம் 83.35.

இன்னொன்று. கூரியர்தான் சுங்க வேலையைச் செய்ய வேண்டும் என்று சட்டம் இல்லை. நீங்களே செய்யலாம். ஆனால் பெட்டியை ஏற்றுக்கொள்வதற்கு முன் சொல்ல வேண்டும். தொலைபேசியில் எடுத்து, "உங்கள் சுங்க விடுவிப்பு எனக்கு வேண்டாம், நானே எல்லைச் சேவை முகவரகத்தில் கணக்குக் காட்டப் போகிறேன்" என்று இதே சொற்களில் சொல்லுங்கள். முதலில் எடுப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது, "முடியாது" என்பார். மேலதிகாரியைக் கேளுங்கள். பொதியின் இலக்கத்தையும் இன்வொய்ஸையும் வாங்கிக்கொண்டு, பியர்சன் விமான நிலையப் பக்கம் இருக்கும் அந்த முகவரகத்தின், அதாவது சுங்கத்தின், அலுவலகத்துக்குப் போங்கள். அங்கே வரியைக் கட்டி, பற்றுச்சீட்டைக் கூரியரிடம் காட்டினால் பெட்டியைத் தருவார்கள்.

ஸ்கார்பரோ அம்மா:
அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே சரி. இன்வொய்ஸில் ஒரே தொகை: 'நடன உடுப்பு 21,700'. ஆனால் தையல்காரர் வாட்ஸப்பில் அனுப்பிய ரசீதில் இரண்டும் தனித்தனியாக இருக்கிறது. அது போதுமா?

பழைய சுங்க முகவர்:
அச்சடித்துக் கொண்டு போங்கள். காசு அனுப்பிய வங்கிப் பதிவையும் வைத்துக்கொள்ளுங்கள். தையல்காரரிடம் திருத்திய இன்வொய்ஸ் ஒன்றும் இன்றிரவே கேளுங்கள்.

ஸ்கார்பரோ அம்மா (வெள்ளி இரவு):
உடுப்பு வந்துவிட்டது!

கூரியரில் முதல் இரண்டு பேரும் முடியாது என்றார்கள். மூன்றாவதாக எடுத்த பெண் அந்தச் சொற்களைக் கேட்டதும் "ஓ, நீங்களே செய்யப் போகிறீர்களா" என்று உடனே பத்திரங்களை அனுப்பினா. வியாழன் காலை இவர் அரை நாள் லீவு எடுத்துப் பியர்சனுக்குப் போனார். அதிகாரி திருத்திய இன்வொய்ஸையும் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 6,200க்குக் கீழே பேனாவால் ஒரு கோடு போட்டாராம். கட்டியது 83.35தான். இன்று பின்னேரம் கூரியர் கிடங்கிலேயே பெட்டியை எடுத்தோம்.

80 டொலர் 80 சதம் மிச்சம். விசிறி மடிப்பு ஒன்றுகூடக் கசங்கவில்லை. மகள் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறாள், கழற்ற மாட்டேன் என்கிறாள். அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஏஜக்ஸ் ரமணி:
எனக்கும் இதே பிரச்சினைதான், ஆனால் போன மாதமே முழுத் தொகையும் கட்டிப் பெட்டியும் வாங்கிவிட்டேன். இனி ஒன்றும் செய்ய முடியாதா?

பழைய சுங்க முகவர்:
முடியும் தங்கச்சி. கூடுதலாகக் கட்டிய தீர்வையையும் வரியையும் எல்லைச் சேவை முகவரகத்திடம் திருப்பிக் கேட்கலாம். நாங்கள் பி2ஜி என்று சொல்லிவந்த படிவம் அதற்குத்தான். இன்வொய்ஸ், பணம் கட்டிய சான்று, கூரியர் தந்த வரிப் பத்திரம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். கூரியரின் சொந்தக் கட்டணம் அதில் திரும்பாது. அதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும், கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள்.

அவசரம் இல்லாத பொருளென்றால் அடுத்த முறை தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். தீர்வையும் வரியும் அதேதான், ஆனால் கனடா போஸ்ட் எடுக்கும் கையாளல் கட்டணம் 9.95 டொலர். உங்கள் பில்லைப் போடுங்கள், பெயரையும் விலாசத்தையும் மறைத்துவிட்டு. முதல் தொகையைப் பார்ப்போம்.