பிஜிபி செஷன் நிலைத்து நிற்கிறது, ஆனால் இரண்டாவது இணைப்பு வழியாக எங்கள் முகவரிகள் வெளியே தெரியவில்லை

குடந்தை_வலை எழுதியது:

வணக்கம். கும்பகோணத்தை மையமாகக் கொண்டு திருவிடைமருதூர், மயிலாடுதுறை, சீர்காழி வரை வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஃபைபர் இணைப்பு கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றின் நெட்வொர்க்கைக் கவனித்து வருகிறேன். எங்களுக்குச் சொந்தமாக ஏஎஸ் எண்ணும் (இணையத்தில் ஒரு தனி நெட்வொர்க்கை அடையாளம் காட்டும் எண்), சில ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் முகவரிகளை ஒதுக்கும் ஐஆர்ஐஎன்என் மூலம் பெற்ற ஒரு /22 தொகுதியும் (பிரிஃபிக்ஸ்), அதாவது 1,024 ஐபிவி4 முகவரிகளும் உள்ளன. உண்மையான எண்களைப் பொதுவெளியில் தர விரும்பாததால், எங்கள் ஏஎஸ் எண்ணை 64500 என்றும் தொகுதியை 10.20.20.0/22 என்றும் இங்கே குறிப்பிடுகிறேன்.

தொடக்கத்திலிருந்து சென்னை வழியாக ஒரே ஒரு அப்ஸ்ட்ரீம்தான் (எங்களை இணையத்தோடு இணைக்கும் மேல்நிலை நிறுவனம்) இருந்தது. மேட்டூர் அணை திறப்பதற்கான வழக்கமான நாளாகிய ஜூன் 12-க்கு முன்னதாக ஆறுகளையும் வாய்க்கால்களையும் தூர்வாரும் பணி நடக்கும்போது, கரையோரம் புதைத்த கேபிள் ஏதாவது ஓரிடத்தில் பொக்லைன் வாளியில் சிக்கி அறுந்துவிடும். அதை ஒட்டி முடிக்கும் வரை ஒரு மாவட்டத்தின் வாடிக்கையாளர்கள் முழுவதும் இருட்டில் இருக்க நேர்கிறது என்பதால், வேறு தடத்தில் வரும் இரண்டாவது அப்ஸ்ட்ரீம் ஒன்றைத் திருச்சி வழியாக எடுத்தோம்.

எல்லை ரூட்டராக லினக்ஸ் சர்வரில் எஃப்ஆர்ஆர் என்ற ரூட்டிங் மென்பொருள் இயங்குகிறது; நெட்வொர்க்குகள் தங்கள் முகவரிகளுக்கான வழியை ஒன்றுக்கொன்று அறிவிக்கும் பிஜிபி நெறிமுறையை அதுவே நடத்துகிறது. சென்னைக்கு /22-ஐ மட்டும் அறிவிக்கிறோம். திருச்சிக்கு அதே /22-உடன், பதிவிறக்கச் சுமையில் ஒரு பகுதி அந்தப் பக்கம் வரட்டும் என்பதற்காக அதற்குள் அடங்கிய சிறு தொகுதிகளான 10.20.20.0/24, 10.20.21.0/24 ஆகிய இரண்டையும் சேர்த்து அறிவிக்கிறோம். இருவரிடமிருந்தும் டீஃபால்ட் ரூட் (வேறு வழி தெரியாத எல்லா முகவரிகளுக்குமான பொது வழி) மட்டுமே பெறுகிறோம்.

இருவருடனும் உள்ள பிஜிபி இணைப்புகளான செஷன்கள் இரண்டும் எஸ்டாபிளிஷ்டு (இணைந்த) நிலையில் உள்ளன. ஆயினும் சென்னைத் தடம் அறுந்த அன்று வாடிக்கையாளர் எவருக்கும் இணையம் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் ரூட்டரிலிருந்து 8.8.8.8-க்கு பிங் அடித்தால் திருச்சி வழியாகப் பதில் வந்துகொண்டே இருந்தது. ஆனால் பாக்கெட்டுகளைப் பதிவு செய்து காட்டும் டிசிபிடம்ப் ஓட்டிப் பார்த்தபோது வாடிக்கையாளர்கள் இணைப்பைத் தொடங்க அனுப்பும் சின் பாக்கெட்டுகள் வெளியே போவது தெரிந்ததே தவிர, ஒன்றுக்கும் மறுமொழி திரும்பவில்லை. சாதாரண நாட்களிலும் திருச்சி இணைப்பின் பதிவிறக்க வரைபடம் தரையோடு தரையாகக் கிடக்கிறது. செஷனை கிளியர் செய்து பார்த்தும் மாற்றமில்லை. திருச்சி நிறுவனத்தின் என்ஓசி (நெட்வொர்க் கண்காணிப்பு மையம்), "மூன்று பிரிஃபிக்ஸ்களும் எங்களுக்கு வருகின்றன, எங்கள் பக்கம் குறையில்லை" என்று எழுதி டிக்கெட்டை மூடிவிட்டது. அடுத்த தூர்வாரும் பருவத்துக்கு முன் இதைச் சரிசெய்தாக வேண்டும். எதை, எந்த வரிசையில் பார்ப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

தஞ்சை_பேக்போன் எழுதியது:

முதலில் அந்த பிங்கை நம்பாதீர்கள். ரூட்டரிலிருந்து சோர்ஸ் முகவரி எதுவும் குறிப்பிடாமல் பிங் அடித்தால், பாக்கெட் வெளியேறும் இன்டர்ஃபேஸின் முகவரியே அனுப்புநர் முகவரியாகப் போகும். அது திருச்சி நிறுவனம் தன் சொந்தத் தொகுதியிலிருந்து உங்களுக்குக் கொடுத்த /30 இணைப்பு முகவரி. அதற்குத் திரும்பி வரும் வழி உலகம் முழுவதற்கும் ஏற்கெனவே தெரியும். உங்கள் /22-க்குள் இருக்கும் ஒரு முகவரியை சோர்ஸாக வைத்து, திருச்சி வழியாகவே வெளியேறும்படி செய்து அடித்துப் பாருங்கள். அப்போது பதில் வரவில்லையென்றால் போகும் பாதை நன்றாக இருக்கிறது, திரும்பும் பாதை இல்லை என்பது உறுதியாகிவிடும். திரும்பும் பாதையை உண்டாக்குவது நீங்கள் செய்யும் அறிவிப்பு மட்டுமே.

அடுத்து, உங்கள் ரூட்டர் உண்மையிலேயே அறிவிக்கிறதா என்பது. நெட்வொர்க் கட்டளையில் எழுதிய பிரிஃபிக்ஸ், அதே நீளத்தோடு ரூட்டிங் டேபிளில் இருந்தால்தான் பெரும்பாலான ரூட்டர்கள் அதை பிஜிபியில் எடுத்துக்கொள்ளும். /22-ஐ எழுதிவிட்டு டேபிளில் நான்கு /24-களை மட்டும் வைத்திருந்தால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அறிவிப்பு நின்றுபோகும். ஆகவே /22-க்கும், தனியே அறிவிக்கும் ஒவ்வொரு /24-க்கும், நல்0-வை (பாக்கெட்டுகளைக் கைவிடும் போலி இன்டர்ஃபேஸ்) நோக்கிய, கையால் எழுதிய ஒரு ஸ்டாட்டிக் ரூட் இருக்க வேண்டும். அது எந்த இன்டர்ஃபேஸையும் சாராததால் உள்ளூர்க் கேபிள் விழுந்தாலும் அறிவிப்பு ஆடாது.

எஃப்ஆர்ஆர் என்பதால் இன்னொன்று. 2017-இல் வெளிவந்த ஆர்எஃப்சி 8212 என்ற இணையத் தர ஆவணத்தின்படி, வெளி ஏஎஸ்ஸுடனான செஷனுக்குப் பாலிசி (எதை ஏற்பது, எதை அனுப்புவது என்ற விதி) எதுவும் கட்டப்படவில்லையென்றால் எந்த ரூட்டையும் ஏற்கவும் கூடாது, அனுப்பவும் கூடாது. எஃப்ஆர்ஆரின் புதிய பதிப்புகள் இதை இயல்பாகவே கடைப்பிடிக்கின்றன. பிஜிபி சம்மரியில் அனுப்பிய பிரிஃபிக்ஸ்களின் எண்ணிக்கை வரவேண்டிய நெடுவரிசையில் எண்ணுக்குப் பதிலாக அடைப்புக்குறிக்குள் 'பாலிசி' என்ற சொல் நின்றால் காரணம் இதுதான். புதிய நெய்பர் (அண்டை ரூட்டர்) ஒன்றைச் சேர்க்கும்போது இன் திசைக்கு அந்த விதியை எழுதும் ரூட்-மேப் போட்டுவிட்டு அவுட் திசைக்கு விட்டுப்போவது அடிக்கடி நடப்பது.

இவையெல்லாம் சரியாக இருந்தால், அந்த நெய்பருக்கு நீங்கள் அறிவிப்பதைக் காட்டும் அட்வர்டைஸ்டு-ரூட்ஸ் பட்டியலை எடுங்கள். பிறகு திருச்சி நிறுவனத்தின் லுக்கிங் கிளாஸில் (அவர்கள் ரூட்டரில் உள்ள ரூட்டுகளை வெளியார் பார்க்கும் பக்கம்) உங்கள் ரூட்டுகளைத் தேடி, அவற்றோடு 'வெளியே அனுப்பாதே' என்று சொல்லும் நோ-எக்ஸ்போர்ட் கம்யூனிட்டி (ரூட்டோடு ஒட்டும் குறிப்பு) ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக, உலகெங்கும் தெரியும் ரூட்டுகளைத் திரட்டிக் காட்டும் ரைப்ஸ்டாட்டிலோ ரூட்வியூஸிலோ, உலகத்தின் மற்றப் பகுதிகள் எந்த ஏஎஸ் பாதையில் உங்களைக் காண்கின்றன என்று பார்த்து இங்கே எழுதுங்கள். செஷனை மீண்டும் மீண்டும் கிளியர் செய்ய வேண்டாம். பாலிசியை மாற்றிய பிறகு அவுட் திசைக்கு சாஃப்ட் கிளியர் (செஷனை விழவைக்காமல் அறிவிப்பை மட்டும் மறுபடி அனுப்புவது) போதும். செஷனே விழுந்து எழுந்தால் அறிவிப்புகளும் ஒவ்வொரு முறையும் திரும்பப் பெறப்பட்டு மறுபடி பரவ வேண்டியிருக்கும்.

குடந்தை_வலை எழுதியது:

மிக்க நன்றி ஐயா. சொன்னபடி பார்த்தேன். /22-க்குள் உள்ள முகவரியை சோர்ஸாக வைத்தால் திருச்சி வழியாக ஒரு பிங்குக்கும் பதில் இல்லை. நல்0 ரூட்டுகள் மூன்றும் உள்ளன. அவுட் திசையில் ரூட்-மேப் இருக்கிறது, நீங்கள் சொன்ன நெடுவரிசை 3 என்று காட்டுகிறது. திருச்சி லுக்கிங் கிளாஸிலும் மூன்றும் தெரிகின்றன, நோ-எக்ஸ்போர்ட் இல்லை. ஆனால் ரைப்ஸ்டாட்டில் /22-க்கான பாதைகள் அனைத்தும் சென்னை நிறுவனத்தின் ஏஎஸ் வழியாகவே முடிகின்றன, திருச்சி வழியாக ஒன்றுகூட இல்லை. இரண்டு /24-களையும் எங்குமே காணவில்லை. அப்படியானால் என்ஓசி சொன்னது உண்மைதானே, பிறகு எங்கே நிற்கிறது?

நாகை_ரூட்டிங் எழுதியது:

என்ஓசி சொன்னது உண்மைதான். அவர்களிடம் வந்திருக்கிறது, அவர்களைத் தாண்டிப் போகவில்லை. தலைமதகில் தண்ணீர் விட்டதைப் பார்த்துவிட்டுக் கடைமடை நனைந்துவிட்டது என்று யாரும் முடிவு கட்டமாட்டார்கள் அல்லவா, பிஜிபி அறிவிப்பும் அப்படித்தான் ஒவ்வொரு ஏஎஸ்ஸாகத் தாண்டிப் போகிறது; ஒவ்வோர் எல்லையிலும் அங்குள்ளவர் போட்ட ஃபில்டர் ஒன்று உண்டு.

உங்களுக்கு இருப்பது ஒரே பிழையன்று, தனித்தனியான இரண்டு பிழைகள் என்று கருதுகிறேன். /24-கள் எங்குமே தெரியாததற்கும் /22 திருச்சி வழியாகத் தெரியாததற்கும் காரணம் வேறாக இருக்க வேண்டும்.

முதலில் /24. உங்கள் தொகுதிக்கு ரோவா பதிவு செய்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஓர் ஏஎஸ் எந்தப் பிரிஃபிக்ஸை, அதிகபட்சம் எந்த நீளம் வரை அறிவிக்கலாம் என்பதற்கு முகவரி உடைமையாளர் ஆர்பிகேஐ முறையில் இடும் டிஜிட்டல் கையொப்பமே ரோவா. /22-க்கு அதிகபட்ச நீளம் 22 என்று பதிவாகியிருந்தால், அதே ஏஎஸ் 64500-இலிருந்து நீங்களே அறிவிக்கும் /24-உம் இன்வேலிட் (செல்லாதது) ஆகிவிடும். ரோவாவே இல்லாத பிரிஃபிக்ஸ் நாட்-ஃபவுண்ட் நிலையில் நின்று பெரும்பாலும் அனுமதி பெற்றுவிடும். தவறான ரோவா உள்ளது பிறர் போக்குவரத்தைச் சுமந்து செல்லும் பெரிய டிரான்சிட் நிறுவனங்களின் வாசலிலேயே தள்ளுபடியாகும். திருச்சி நிறுவனம் தன் அளவில் சரிபார்ப்பதில்லை போலும், அதனால்தான் அவர்களுடைய லுக்கிங் கிளாஸில் தெரிகிறது. ரைப்ஸ்டாட்டின் ஆர்பிகேஐ பகுதியில் பிரிஃபிக்ஸையும் ஏஎஸ் எண்ணையும் கொடுத்தால் உடனே விடை தெரியும்.

இந்தக் கெடுபிடி காரணமில்லாமல் வந்ததன்று. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம், தன் நாட்டுக்குள் யூடியூபைத் தடுப்பதற்காக 208.65.153.0/24 என்ற ரூட்டை உண்டாக்கியது. அது வெளியே கசிந்தபோது அதன் அப்ஸ்ட்ரீம் கேள்வி கேட்காமல் உலகத்துக்கு அனுப்பிவிட்டது. யூடியூப் அப்போது அறிவித்துக்கொண்டிருந்தது 208.65.152.0/22. நீளமான பிரிஃபிக்ஸுக்கே ரூட்டர்கள் முன்னுரிமை தரும் என்பதால், உலகின் பல பகுதிகளில் யூடியூப் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கிடைக்காமல் போனது. நீங்கள் செய்வதும் வடிவத்தில் அதே /22-க்குள் ஒரு /24 தான். உரிமையாளர் செய்கிறாரா, அந்நியர் செய்கிறாரா என்று தொலைவில் உள்ள ரூட்டருக்குத் தெரிய ரோவாவைத் தவிர வேறு நம்பகமான வழி இல்லை.

இனி /22. இது வேலிடாகவே இருக்கும், ஏனெனில் சென்னை வழியாகப் போகிறது. இங்கே நான் சந்தேகிப்பது ஐஆர்ஆர் ஃபில்டரை, அதாவது இணைய ரூட்டிங் பதிவேட்டை வைத்துப் போடும் ஃபில்டரை. திருச்சி நிறுவனத்துக்கு டிரான்சிட் கொடுக்கும் பெரிய நிறுவனம், திருச்சியின் ஏஎஸ்-செட்டை (தன் வாடிக்கையாளர்களின் ஏஎஸ் எண்களை அது பதிந்து வைக்கும் பட்டியல்) விரித்து, அதில் உள்ள ஏஎஸ் எண்களுக்கு உரிய ரூட் ஆப்ஜெக்ட்களை (எந்தத் தொகுதியை எந்த ஏஎஸ் அறிவிக்கும் என்ற பதிவுகள்) திரட்டி, அந்தப் பட்டியலில் உள்ள பிரிஃபிக்ஸ்களை மட்டுமே ஏற்றுக்கொள்ளும். புதிய வாடிக்கையாளரைச் சேர்த்த திருச்சி நிறுவனம் அவருடைய ஏஎஸ் எண்ணைத் தன் ஏஎஸ்-செட்டில் சேர்க்காமல் விட்டிருந்தால், அறிவிப்பு அங்கேயே சத்தமில்லாமல் நின்றுவிடும். பதிவேட்டைத் தேடும் ஹூஇஸ் மூலம் அந்த ஏஎஸ்-செட்டை எடுத்து 64500 இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். உங்கள் /22-க்கும் /24-களுக்கும் ரூட் ஆப்ஜெக்ட் இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

டிக்கெட்டை மறுபடி திறக்கும்போது "இணையம் வரவில்லை" என்று எழுதினால் அதே பதில்தான் வரும். "எங்கள் /22 உங்கள் ரூட்டரில் இருக்கிறது, உங்கள் டிரான்சிட் நிறுவனத்தின் லுக்கிங் கிளாஸில் இல்லை, உங்கள் ஏஎஸ்-செட்டில் எங்கள் எண் இல்லை, சேர்த்துவிட்டு அவர்களுடைய ஃபில்டர் புதுப்பிக்கப்பட்டதை உறுதிசெய்யவும்" என்று, எடுத்த பட்டியல்களை இணைத்து எழுதுங்கள்.

குடந்தை_வலை எழுதியது:

இரண்டும் அப்படியே இருந்தன. ரோவாவில் அதிகபட்ச நீளம் 22; இரண்டு /24-களும் இன்வேலிட். ஏஎஸ்-செட்டில் எங்கள் எண் இல்லை. நீங்கள் எழுதிக் கொடுத்த வாசகத்தையே அனுப்பினேன். திருச்சியில் அன்றே சேர்த்துவிட்டார்கள், மறுநாள் ரைப்ஸ்டாட்டில் /22 திருச்சி வழியாகவும் தெரியத் தொடங்கியது. சொல்லி முடியாத நிம்மதி. இனி ரோவாவில் /22-இன் அதிகபட்ச நீளத்தை 24 என்று மாற்றிவிட்டால் போதுமா?

தஞ்சை_பேக்போன் எழுதியது:

அப்படிச் செய்ய வேண்டாம். அதிகபட்ச நீளம் 24 என்று திறந்துவிட்டால், நீங்கள் அறிவிக்காத மற்ற இரண்டு /24-களும் அனுமதி பெற்றவையாகிவிடும். வேறொருவர் ஏஎஸ் பாதையின் கடைசியில் 64500 என்ற எண்ணைப் போலியாக ஒட்டி அவற்றை அறிவித்தால் அது வேலிட் என்றே தேறும். எதிர்த்து நிற்க உங்கள் தரப்பில் அதே நீளமுள்ள அறிவிப்பும் இருக்காது. 2022 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 9319 இதைத்தான் எச்சரிக்கிறது. /22-இன் ரோவாவைத் தொடாமல், அறிவிக்கும் இரண்டு /24-களுக்கும் தனித்தனி ரோவா இடுங்கள். அது பரவச் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரம் வரை ஆகலாம்.

சென்னைத் தடம் அறுந்தால் இனி தாங்குமா என்பதைக் கேபிளைத் துண்டிக்காமலே ஓரளவு சோதிக்கலாம். விடியற்காலையில் சென்னைக்கான அறிவிப்பில் பாதை நீளமாகத் தெரியும்படி உங்கள் ஏஎஸ் எண்ணைச் சில முறை கூடுதலாக ஒட்டி, பாதைகள் திருச்சிக்கு நகர்கின்றனவா என்று பாருங்கள். சென்னை நிறுவனமும் அதன் வாடிக்கையாளர்களும் நகரமாட்டார்கள், ஏனெனில் வாடிக்கையாளர் ரூட்டுக்கே எவரும் உயர்ந்த லோக்கல் பிரிஃபரன்ஸ் (பாதை நீளத்துக்கும் முன்பாகப் பார்க்கப்படும் முன்னுரிமை) தருவது வழக்கம். முழுச் சோதனைக்குச் சென்னை செஷனையே சற்று நேரம் நிறுத்த வேண்டும். அவர்கள், செஷனை நிறுத்துவதற்கு முன் போக்குவரத்தை நகர்த்தும் முறையான ஆர்எஃப்சி 8326-ஐ ஏற்பவர்களாக இருந்தால், முன்னதாக 65535:0 கம்யூனிட்டியோடு அறிவித்துவிட்டு நிறுத்துங்கள். போக்குவரத்து அறுபடாமல் நகர்ந்துவிடும்.

ஓர் ஆபத்து மீதி இருக்கிறது. /24-கள் திருச்சி வழியாக மட்டுமே போகின்றன. உங்களுக்கும் திருச்சிக்கும் இடையிலான தடம் அறுந்தால் அவை மறைந்து, சென்னை வழியான /22 அவற்றைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் திருச்சி நிறுவனத்தின் ரூட்டருக்கு அப்பால் பழுது ஏற்பட்டு, உங்களுடனான செஷன் மட்டும் உயிரோடு இருந்தால், அவர்கள் தரும் டீஃபால்ட் ரூட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கலாம். அவர்களை நம்பி வெளியேறும் பாக்கெட்டுகள் அங்கேயே மடியும். டீஃபால்ட்டோடு சில நூறு ரூட்டுகளையாவது அவர்களிடம் கேட்டுப் பெற்று, அவை காணாமல் போனால் அவர்களுடைய டீஃபால்ட்டை ஒதுக்கி /24 அறிவிப்பையும் நிறுத்தும்படி அமையுங்கள். வெளியிலிருந்து கண்காணிக்க பிஜிபிஅலர்ட்டர் என்ற திறமூல மென்பொருள் இருக்கிறது. உங்கள் மூன்று பிரிஃபிக்ஸ்களையும் அதில் கொடுத்துவிட்டால், தெரிவுநிலை குறைந்தாலோ வேறு ஏஎஸ் அறிவித்தாலோ வாடிக்கையாளர் அழைப்பதற்கு முன்பே உங்களுக்குத் தகவல் வந்துவிடும்.