புதுப்பிப்பு: மாட்டு எடை வளைவு ஒருவழியாகப் பொருந்தியது (பாதி)

அங்கஸ், சரோலே, பிராமன் ஆகிய மாட்டினங்களின் பசுக்கன்றுகள் வயதோடு எடை கூடுவதற்கு லாஜிஸ்டிக் வளைவை (S வடிவ வளர்ச்சிச் சமன்பாடு) பொருத்தினால் பிறப்பு எடை நிஜத்தைவிடக் கூடுகிறதே என்று போன கிழமை கேட்டிருந்தேன்.

கொம்பர்ட்ஸ் என்ற இன்னொரு S வடிவ வளைவுக்கு மாறச் சொன்னவர்களுக்கு நன்றி, அது சரிவந்தது. முதிர்ந்த எடையில் சரிபாதியைத் தொடும்போதுதான் வளர்ச்சி வேகம் உச்சம் என்கிறது லாஜிஸ்டிக். கொம்பர்ட்ஸில் அது சுமார் 37 சதவீதம். மாடு பாதிவரை காத்திருப்பதில்லை.

அப்புறம் வேறு தலையிடி. சரோலேயின் முதிர்ந்த எடை யானைக் கணக்கில் வந்தது! காரணம், என் தரவு 18 மாத வயதோடு முடிகிறது. அங்கஸ் சீக்கிரம் முதிரும் இனம். சரோலே அப்போதும் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும். வளைவு தட்டையாகும் மேல்நுனி தரவில் தெரியாவிட்டால் முதிர்ந்த எடையும் முதிரும் வேகமும் ஒன்றையொன்று ஈடுகட்டி எங்கேயோ போய்விடுகின்றன. வளர்ந்த பசுக்களின் எடையையும் சேர்த்த பிறகே அடங்கியது.

வெள்ளவத்தை அடுக்குமாடியில் இருந்துகொண்டு யாருடைய மாட்டை நிறுக்கிறாய் என்று அம்மா கேட்கிறார்.

பிராமன் இன்னும் மிச்சம். மேய்ச்சல் வறண்ட மாதங்களில் அதன் எடை இறங்குகிறது. இந்த வளைவுகளுக்கோ ஏற மட்டுந்தான் தெரியும்.