'அணுகு வளையம்' வேண்டாம், 'தோலடி வாயிற்குடல்' ஆகட்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

பித்தநாளச் சீரமைப்பு அறுவையில், பிற்காலத் தேவைக்காக வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்து வைக்கும் குடல் பகுதிக்கு (ஆங்கிலத்தில் access loop) 'அணுகு வளையம்' என்ற சொல்லை முன்வைத்திருக்கிறீர்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. காரணத்தைச் செய்முறையிலிருந்தே சொல்ல வேண்டும்.

பித்தப்பையை அகற்றும்போது, கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் நாளம் பழுதுபட்டால், நடுச்சிறுகுடலை வெட்டி, அதன் கீழ்ப்பகுதியின் முனையை மூடி, மேலே கொண்டுவந்து, முனைக்கு அருகே பக்கவாட்டில் கல்லீரல் நாளத்தோடு இணைக்கிறார்கள்; உணவு வரும் மேற்பகுதியை அவ்விணைப்புக்கு ஏறத்தாழ 40 முதல் 60 செ.மீ. கீழே பக்கவாட்டில் பொருத்துகிறார்கள். சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் சேசர் ரூவின் பெயரால் வழங்கும் ஒய் வடிவ இணைப்பு இதுதான். உணவு நாளத்துக்குள் ஏறாமல் தடுக்கும் அந்த நீளமே பிறகு இடையூறாகவும் ஆகிறது. இணைப்பு சுருங்கினாலோ கல் சேர்ந்தாலோ, வாய்வழி செலுத்தும் அகநோக்கி (எண்டோஸ்கோப்) இரைப்பையையும் முன்சிறுகுடலையும் கடந்து, ஒய் சந்திப்பில் திரும்பி மேலேற வேண்டியிருப்பதால், வழக்கமான பக்கப்பார்வை அகநோக்கி பெரும்பாலும் அங்கே எட்டுவதில்லை. எனவே சிலருக்கு, மேலே கொண்டுவந்த குடலின் மூடிய முனையைச் சற்று நீளமாக விட்டு, தோலுக்கு அடியில் தைத்து, இடம் தெரிய உலோகக் கவ்விகளைப் பதித்து வைக்கிறார்கள். பின்னாளில் எக்ஸ்ரே திரையில் கவ்விகளைப் பார்த்து, ஊசியாலோ சிறு கீறலாலோ அவ்வழியே நுழைந்தால், இணைப்பு மிக அருகில் இருக்கும். 1984இல் இத்தகைய வழியை விவரித்த ஹட்சனின் பெயராலும் இதை அழைப்பர்.

இங்கே வளையம் எதுவும் இல்லை. இருப்பது ஒரு முட்டுமுனை, அதாவது அடைபட்ட குடல்முனை. அடையாளத்துக்கு உலோக வளையம் வைப்பதும் உண்டு என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும். கோட்டைப் பெருங்கதவுக்குள் அமைந்த சிறு கதவான 'திட்டிவாசல்' என் மனத்துக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் 'திட்டி' என்றதும் கண்ணேறுதான் நினைவுக்கு வரும் என்பதால் மனமில்லாமல் விட்டேன். வாயிற்படி, வாயிற்காப்போன் என்ற வரிசையில் 'வாயிற்குடல்' இயல்பாக நிற்கிறது.

'தோலடி' என்ற அடையை விட்டுவிடக் கூடாது. உறவினர் ஒருவருக்கு ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டியபோது, 'வெளிவாய்' என்ற சொல்லின்மேல் விரலை வைத்து, "அப்போ வயித்துல பை கட்டிக்கிட்டே இருக்கணுமா?" என்று கேட்டார். அவருக்குச் செய்யவிருந்ததோ தோல் மூடிய வழி. ஆகவே குடலைத் தோலுக்கு வெளியே திறப்பதற்கு மட்டும் 'வெளிவாய்' என்றும், உள்ளுக்குள் நாளமும் குடலும் சேருமிடத்துக்கு 'இணைவாய்' என்றும் பிரித்துக்கொள்ளலாம். "கல்லீரல் நாள–நடுச்சிறுகுடல் இணைவாய் அமைக்கப்பட்டது, தோலடி வாயிற்குடல் வலப்புறம் விடப்பட்டுள்ளது" என்று மருத்துவக் குறிப்பில் எழுதிப் பாருங்கள். இதைவிடச் சுருக்கமான சொல் உங்களிடம் இருந்தால், இதே வாக்கியத்தில் பொருத்திக் காட்டுங்கள்.