கலைச்சொல்: 'கைனேஸ்' தூண்டியா, ஏற்றியா?

அனைவருக்கும் வணக்கம்.

செல் சுழற்சியும் புற்றுநோயும் என்ற பாடப்பகுதிக்குச் சொற்பட்டியல் தொகுக்கிறோம். 'சைக்ளின் சார் கைனேஸ்' என்பதில் கடைசிச் சொல் மட்டும் தமிழாகாமல் நிற்கிறது. கிரேக்க வேர் அசைவைக் குறிப்பதால் 'தூண்டி நொதி' எனலாமா? முழுத் தொடரையும் 'செல் சுழற்சித் தூண்டி' என்று சுருக்கினால் மாணவருக்கு எளிது. அதைத் தடுக்கும் புற்றுநோய் மருந்துகளைத் 'தூண்டித் தடுப்பு மருந்து' எனலாம். உங்கள் கருத்து?

---

> 'தூண்டி நொதி' எனலாமா?

வேண்டாம். வேரைப் பார்த்துப் பெயர் வைத்தால் இந்த நொதியிடம் ஏமாந்துபோவோம்.

கைனேஸ் செய்யும் வேலை ஒன்றுதான்: செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியின் கடைசிப் பாஸ்பேட்டை எடுத்து வேறொரு மூலக்கூறின் மேல் வைக்கிறது. அதனால் அந்த மூலக்கூறு விழித்துக்கொள்கிறதா, முடங்குகிறதா என்பது பாஸ்பேட் எந்த இடத்தில் உட்கார்கிறது என்பதைப் பொறுத்தது. நீங்கள் எடுத்துக்கொண்ட குடும்பத்திலேயே சான்று இருக்கிறது. செல்லைப் பிரிவுக்குள் தள்ளும் சிடிகே1 (சிடிகே என்பது சைக்ளின் சார் கைனேஸின் ஆங்கிலச் சுருக்கம்) வேலை செய்ய மூன்று நிபந்தனைகள் உண்டு. சைக்ளின் பி என்ற துணைப்புரதம் வந்து இணைய வேண்டும். 161ஆம் இடத்துத் திரியோனின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏற வேண்டும். அதை ஏற்றுவது சிடிகே7. மூன்றாவதாக, 14ஆம் இடத்துத் திரியோனினிலும் 15ஆம் இடத்து டைரோசினிலும் பாஸ்பேட் இருக்கக் கூடாது. 15இல் அதை ஏற்றி சிடிகே1ஐப் பூட்டி வைப்பது வீ1. அதுவும் கைனேஸ்தான்! செல் தயாரானதும் சிடிசி25 என்ற பாஸ்பட்டேஸ் அதைக் கழற்றிவிட, பிரிவு தொடங்குகிறது.

ஆக ஒரே புரதத்தில் ஒரு கைனேஸ் திறக்கிறது, இன்னொரு கைனேஸ் பூட்டுகிறது. 'தூண்டி வந்து நிறுத்தியது' என்று எழுத முடியுமா? (வீ என்றால் ஸ்காட்லாந்துப் பேச்சில் 'சின்ன' என்று பொருள். அந்த மரபணு கெட்ட ஈஸ்ட் செல்கள் வளருமுன்பே பிரிந்து குட்டையாக நின்றதால் எடின்பரோவில் பால் நர்ஸ் வைத்த பெயர்.)

மருந்துக்கு வந்தால் குழப்பம் முற்றும். அடவோசெர்டிப் என்ற ஆய்வுநிலை மருந்து வீ1ஐத் தடுக்கிறது. பூட்டுபவன் போய்விட்டதால் சிடிகே1 அவிழ்ந்துகொள்ள, டிஎன்ஏ சேதம் சரியாகாமலே புற்றுச் செல் பிரிவில் நுழைந்து சாகிறது. 'தூண்டியைத் தடுக்கும் மருந்து' என்று படிக்கிற மாணவர் பிரிவு நிற்கும் என்றுதான் நினைப்பார். நடப்பதோ நேர்மாறு.

என் பரிந்துரை பாஸ்பேட்டேற்றி. ஆக்ஸிஜனேற்றம், ஹைட்ரஜனேற்றம் ஏற்கெனவே புழங்குவதால் 'ஏற்றம்' புதிதாகத் தோன்றாது. பாஸ்பட்டேஸுக்கு பாஸ்பேட்டிறக்கி.

'செல் சுழற்சித் தூண்டி'யில் இரண்டாவது கோளாறும் உண்டு. சிடிகே குடும்பத்தில் சுமார் இருபது பேர். சுழற்சியை நேரடியாக நடத்துவோர் 1, 2, 4, 6. சிடிகே9 ஆர்என்ஏ பாலிமரேஸில் பாஸ்பேட் ஏற்றிப் படியெடுத்தலைப் பார்த்துக்கொள்கிறது. செல் பிரிவோடு அதற்கு நேரடித் தொடர்பில்லை. சைக்ளினையும் 'சுழற்சிப் புரதம்' ஆக்க வேண்டாம். 1982இல் டிம் ஹன்ட் கடல் முள்ளெலி முட்டைகளில் கண்ட சைக்ளின் ஒவ்வொரு பிரிவிலும் ஏறி இறங்கியது உண்மை; ஆனால் சிடிகே7இன் துணையான சைக்ளின் எச்சின் அளவு சுழற்சி முழுவதும் மாறுவதில்லை. 'சைக்ளின் சார்' அப்படியே இருக்கட்டும்.

---

ஏற்றி, இறக்கி இணை நன்றாக இருக்கிறது. இரண்டு தடைகள்.

ஒன்று, பாஸ்பாரிலேஸும் பாஸ்பேட் சேர்க்கிறதே? அதுவும் ஏற்றியா? 'பாஸ்பாரிலேஸ் கைனேஸ்' என்றே ஒரு நொதி இருக்கிறது, அதை எப்படிச் சொல்வீர்கள்? இரண்டு, இலங்கைப் பாடநூல்களில் பொசுபேற்று, நொதியம், கலம் என்றுதான் வரும். 'பாஸ்பேட்டேற்றி' அங்கே ஒட்டாது.

இன்னொன்று: 'தடுப்பு மருந்து' என்றால் எவரும் தடுப்பூசியைத்தான் நினைப்பார்கள்.

---

பாஸ்பாரிலேஸ் ஏடிபியைத் தொடுவதில்லை. கரைசலில் உள்ள கனிமப் பாஸ்பேட்டைக் கொண்டு கிளைக்கோஜன் சங்கிலியின் முனையை வெட்டுகிறது; வெட்டுண்ட குளுக்கோஸில் பாஸ்பேட் ஒட்டிக்கொள்கிறது. நீரைக் கொண்டு வெட்டினால் நீராற்பகுப்பு. அதே அச்சில் இது பாஸ்பேட்டாற்பகுப்பு, நொதி பாஸ்பேட்டாற்பகுப்பி. அதன்மேல் பாஸ்பேட் வைக்கும் கைனேஸ், 'பகுப்பி ஏற்றி'. நாக்கைப் புரட்டும்தான், ஆனால் பொருள் மயங்காது.

இலங்கை வழக்குக்குப் 'பொசுபேற்றேற்றி' என்பது கொடுமை. இருவருக்கும் பொதுவாக, முதல்முறை முழுச்சொல்லை அவரவர் எழுத்துமுறையில் தந்துவிட்டு அதன்பின் 'ஏற்றி நொதி', 'ஏற்றி' என்று மட்டும் எழுதலாம். ஹெக்சோகைனேஸ் போலச் சர்க்கரைமேல் ஏற்றுபவையும் இருப்பதால், சிடிகே வகைக்குப் 'புரத ஏற்றி' என்று ஒருமுறை தெளிவாக்கிவிடுவது நல்லது.

தடுப்பு மருந்து பற்றிச் சொன்னது மிகச் சரி. 'ஒடுக்கி'யும் ஆகாது, கட்டி ஒடுக்கி மரபணு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, ஆர்பியும் பி16உம் அந்தப் பட்டியலில் வருபவை. 'முடக்கி' எனலாம். பி16, பி21, பி27 செல்லே செய்துகொள்ளும் 'முடக்கிப் புரதங்கள்'. பால்போசிக்லிப் போன்றவை 'முடக்கி மருந்துகள்'. சோதித்துப் பார்க்க ஒரு பத்தி:

"சிடிகே4, சிடிகே6 ஏற்றிகள் சைக்ளின் டியுடன் சேர்ந்து ஆர்பி புரதத்தில் பாஸ்பேட் ஏற்றுகின்றன. ஆர்பியின் பிடி தளர்கிறது. அது பிடித்துவைத்திருந்த இ2எஃப் என்ற புரதம் விடுபட்டு டிஎன்ஏ பெருக்கத்துக்கான மரபணுக்களை இயக்குகிறது. பி16ஐ இழந்தோ சைக்ளின் டி1ஐ மிகுதியாக உண்டாக்கியோ பல புற்றுகள் இந்த ஏற்றத்தைக் கட்டுக்கடங்காமல் ஆக்குகின்றன. 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பால்போசிக்லிப் இவ்விரு ஏற்றிகளின் முடக்கி. ஹார்மோன் ஏற்பியுள்ள, ஹெர்2 புரதம் மிகாத முற்றிய மார்பகப் புற்றில், ஹார்மோன் சிகிச்சையோடு சேர்த்து 21 நாள் கொடுத்து 7 நாள் நிறுத்தப்படுகிறது. எலும்பு மஜ்ஜை முன்னோடிச் செல்களும் பிரியாமல் நிற்பதால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் குறையும். முன்னோடிச் செல்கள் சாகாமல் நின்றிருப்பதால் இடைவெளியில் எண்ணிக்கை மீளும். ஆர்பியை இழந்த புற்றில் இம்மருந்து பலிக்காது. ஏற்றி முடங்கினாலும், பிடித்துவைக்க அங்கே ஆர்பி இல்லை."

---

பத்தி ஓடுகிறது. ஒரே திருத்தம்: 'ஹார்மோன் ஏற்பி'யும் 'ஏற்றி'யும் அருகருகே வந்தால் எழுத்துப்பிழை என்று மெய்ப்புத் திருத்துபவர் ஒன்றை மாற்றிவிடுவார். ஏற்பி வரும் வாக்கியங்களில் மட்டும் 'புரத ஏற்றி நொதி' என்று முழுதாக எழுதுங்கள்.