அபேனா கேட்ட கத்தி

தேன்மொழி: அத்தை, ராத்திரி ஏன் தூங்கவில்லை என்று கேட்டீர்களே. ஒரு நாவல்தான் காரணம். கரீபியன் கடலில் உள்ள குவாதலூப் தீவில் பிறந்த மரீஸ் கோன்டே எழுதியது, 1986இல் பிரெஞ்சில் வந்தது. டிடுபா என்ற அடிமைப் பெண்ணின் கதை.

சரோஜா அத்தை: தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்கு என்ன கதை?

தேன்மொழி: அவள் அம்மா அபேனாவை ஆப்பிரிக்காவில் பிடித்து, அதே கடலில் உள்ள பார்படோஸ் தீவுக்குக் கொண்டுவருகிறார்கள். வரும் வழியில், கப்பலிலேயே ஓர் ஆங்கில மாலுமி பலாத்காரம் செய்கிறான். அப்படிப் பிறந்தவள் டிடுபா.

தேன்மொழி: சில வருடம் கழித்துத் தோட்ட முதலாளியும் அபேனாமேல் கை வைக்கிறான். அவள் பின்னால் நகர்ந்துகொண்டே மகளிடம் கத்தியைக் கேட்கிறாள். அந்தச் சின்னக் கைக்கு அது பெரிய கத்தி. இருந்தும் எடுத்து நீட்டுகிறாள். அபேனா இரண்டு முறை வெட்டுகிறாள். அவன் பிழைத்துக்கொண்டான். அபேனாவைத் தூக்கில் போட்டார்கள்.

சரோஜா அத்தை: ஐயோ. குழந்தை அதைப் பார்த்ததா?

தேன்மொழி: பார்த்தது அத்தை. தோட்டத்து அடிமைகள் எல்லாரையும் கூட்டிவந்து பார்க்க வைத்தார்கள். 'என் தாயைத் தூக்கிலிட்டார்கள்' என்று டிடுபா திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

சரோஜா அத்தை: இரு, அடுப்பை அணைத்துவிட்டு வருகிறேன்.

கணேசன் மாமா: அமெரிக்காவில் 1692இல், சூனியம் செய்தார்கள் என்று பலரைப் பிடித்து நடத்திய சேலம் வழக்கில் வருகிற டிடுபாதானே? முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டவளே அவள்தான். அம்மா கத்தி எடுத்தாள், மகள் பணிந்துபோனாள். மகளிடம் எதிர்ப்பு எங்கே இருக்கிறது?

தேன்மொழி: மாமா, அந்த வழக்கில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஒப்புக்கொண்டு, அந்தப் பேச்சை மாற்றாமல் நின்ற ஒருவர்கூட அதில் இல்லை. நாவலில் அவளைச் சித்திரவதை செய்த பிறகுதான் வாக்குமூலம் வருகிறது. அவளை விசாரித்தவர்கள் எதற்குப் பயந்தார்களோ அதையே கதையாகச் சொல்லிவிடுகிறாள். எனக்கு அது பணிவாகத் தெரியவில்லை. உயிர் ஒன்றுதான் அவளிடம் மிச்சம் இருந்தது, அதை விட்டுக்கொடுக்கவில்லை.

முகில்: அக்கா, நீதிமன்றப் பதிவுகளில் அவளை 'இந்தியப் பெண்' என்றுதான் எழுதியிருக்கிறார்கள், அதாவது அமெரிக்கப் பழங்குடி. கறுப்பினப் பெண் இல்லை என்று வரலாற்று ஆசிரியர்கள் பலர் சொல்கிறார்களே?

தேன்மொழி: ஆமாம் முகில். கோன்டே எழுதியது வரலாறு இல்லை, நாவல். உண்மையான டிடுபா ஒரு வருடத்துக்கு மேல் சிறையில் கிடந்தாள். சிறையில் இருந்த செலவுக்கான கட்டணத்தை யாரோ கட்டி அவளைக் கொண்டுபோனார்கள். யார் கட்டினார்கள், அப்புறம் அவள் என்ன ஆனாள் என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. கோன்டே அவளைப் பார்படோஸுக்கே திரும்ப அழைத்து வருகிறார். அங்கே மூலிகை வைத்தியம் பார்க்கிறாள். கடைசியில் ஒரு கலகத்தில் சேர்ந்து தூக்குக்குப் போகிறாள். செத்த பிறகும் தீவை விட்டுப் போகாமல், அடுத்துக் கலகம் செய்கிறவர்களுக்குத் தைரியம் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள்.

கணேசன் மாமா: சரி, நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன். வைத்தியம் யாரிடம் கற்றாள்?

தேன்மொழி: மான் யாயா என்ற கிழவியிடம். அபேனா போன பிறகு அவள்தான் வளர்த்தாள். கலகம் செய்யத் தூண்டினார்கள் என்று அவள் புருஷனையும் இரண்டு மகன்களையும் அவள் கண்முன்னே வதைத்துக் கொன்றிருந்தார்கள்.

சரோஜா அத்தை: அடுப்பை அணைத்துவிட்டு வந்ததிலிருந்து அந்தக் குழந்தை கத்தியை எடுத்து நீட்டியதே கண்ணுக்குள் நிற்கிறது. புத்தகம் தமிழில் இருக்கிறதா?

தேன்மொழி: என்னிடம் இருப்பது ஆங்கிலம் அத்தை. அவர் கணவர் ரிச்சர்ட் பில்காக்ஸ் மொழிபெயர்த்தது.

சரோஜா அத்தை: ஞாயிற்றுக்கிழமை எடுத்து வா. நீ படித்துப் படித்துச் சொல், நான் கேட்கிறேன். முதல் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும்.