மதுரைப் புறநகரில் சில நாள் தங்கியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

காரைக்குடி வாசகர்

அப்பாவின் கண்புரை அறுவை சிகிச்சைக்காக மதுரைக்கு வந்தபோது, மாசி வீதிப் பக்கத்து விடுதிகளின் இரைச்சலும் படிக்கட்டுகளும் அவருக்கு ஒத்துவராது என்று கருதி, திருநகரில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தைச் சில நாள் வாடகைக்கு எடுத்தோம். திருநகர் மதுரையின் தெற்குப் புறநகர். நான் எழுத வந்தது எதிர்வீட்டு அம்மாவைப் பற்றி.

அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் விடியற்காலையில் அப்பா கறுப்புக் கண்ணாடியுடன் முன்வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். விளக்குமாற்றுடன் வெளியே வந்த அந்த அம்மா அப்பாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து, தம் வாசலோடு நிற்காமல் தெருவைக் கடந்து எங்கள் படி வரைக்கும் உள்ளங்கையால் அள்ளி அள்ளித் தெளித்தார். மண் நனைந்து அடங்கும் வரை வாளியைப் பிடித்தபடி காத்திருந்து, அதன் பிறகே விளக்குமாற்றைத் தரையோடு அழுத்தித் தூசி எழாமல் பெருக்கிக் கோலமிட்டார். எங்களிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாங்கள் இருந்தவரை தினமும் காலையில் இதுவே நடந்தது. புறப்படும் நாளில் நன்றி சொல்லப் போனபோது வீடு பூட்டியிருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு விசேஷத்துக்கு மொய் செய்யப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அடுத்த கண்ணுக்கும் விரைவில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டும். புறநகரில் தங்கியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதினால் திட்டமிட உதவியாக இருக்கும்.

வழக்குக்கு வந்து போகிறவர்

நான் தங்குவது ஒத்தக்கடையில். 2004இல் அதன் அருகே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கப்பட்டதிலிருந்து தென்மாவட்டத்து வழக்காடிகளுக்கு அது பழகிய ஊர். எங்களுடையது பாகப்பிரிவினை வழக்கு. விசாரணை மறுநாளைக்குத் தள்ளிப்போன ஒரு மாலையில், அறையில் உட்கார்ந்திருக்க மனமில்லாமல், வழக்குக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே யானைமலை அடிவாரத்தில் இருக்கும் நரசிங்கப் பெருமாள் கோயிலுக்கு நடந்து போனேன்.

அங்கே தூணில் சாய்ந்து அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் கோயிலின் கதையைத் தாமாகவே சொல்லத் தொடங்கினார். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சராக இருந்த மாறன் காரி என்பவர் மலையைக் குடைந்து இக்கோயிலைச் செய்வித்தார் என்றும், குடமுழுக்கு நடப்பதற்கு முன்பே அவர் இறந்துபோனதால், அவருக்குப் பின் அப்பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எழுப்பி அண்ணன் தொடங்கிய பணியை நிறைவு செய்தார் என்றும், 770ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டில் இவை இருக்கின்றன என்றும் நிதானமாக எடுத்துரைத்தார். பிறகு என் கையில் இருந்த கட்டைப் பார்த்து, "கேசு யாரு கூடய்யா?" என்று கேட்டார். "தம்பியோடு" என்றேன். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் நீதிமன்ற வளாகத்தில் தம்பியைப் பார்த்தபோது, "சாப்பிட்டாயா?" என்று கேட்டேன். வெகுகாலத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசியது அதுதான். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

காரைக்குடி ஐயாவுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். உங்கள் மருத்துவமனை வைகைக்கு வடகரையில் இருக்குமானால் திருநகரில் தங்குவது பொருத்தமில்லை. கண்ணில் மருந்து விட்டுக்கொண்ட முதியவரை ஒவ்வொரு முறையும் நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நெரிசலில் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கும். ஒத்தக்கடையோ கே.கே. நகரோ பாருங்கள்.

விருதுநகர்ப் பெண்

தூரக் கணக்கு மட்டும் பார்த்து இடத்தை முடிவு செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. எந்த நாளில் போகிறோம் என்பதே முக்கியம். நான் திருப்பரங்குன்றத்தில் தங்கியது ஒரு வளர்பிறை முகூர்த்த நாளின் முந்தைய இரவு. முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து திருமணம் நடத்த வருபவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும். வேன்கள் வந்து நிற்பதும், பாத்திரம் இறக்குவதும், நாதசுரக்காரர்கள் ஒத்துப் பார்ப்பதும் விடியும் வரை ஓயவில்லை.

நான்கு மணி வாக்கில் என் கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். திறந்தால், தலை நிறையப் பூவும் உடம்பில் சாதாரணச் சேலையுமாக ஒரு பெண், அவள் பின்னால் கூறைச்சேலைப் பையை நெஞ்சோடு அணைத்தபடி அவள் தாய். அவர்கள் பேசி வைத்திருந்த அறையை விடுதியில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். "அரை மணி நேரம் குடுங்கம்மா, பிள்ளைக்குச் சேலை மட்டும் கட்டி விட்டுர்றேன்" என்றார் அந்தத் தாய். உள்ளே வரச் சொன்னேன். கொசுவம் நிற்கவில்லை என்று அந்தத் தாய்க்குக் கை நடுங்கியதால், தரையில் மண்டியிட்டு நானே மடிப்புகளை எடுத்துவிட்டேன். என் தலைக்கு மேலே அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள் என்பது, என் கை மேல் ஒரு சொட்டு விழுந்த பிறகே தெரிந்தது. எதற்கு அழுதாள் என்று நான் கேட்கவில்லை. மதியம் திரும்பி வந்தபோது கதவுப் பிடியில் ஒரு தாம்பூலப் பை மாட்டியிருந்தது. பெண்ணின் பெயரோ ஊரோ எனக்குத் தெரியாது. அவள் நன்றாக இருக்கிறாளா என்ற நினைப்பு மட்டும் ஒவ்வொரு முகூர்த்த நாளிலும் வந்துவிடுகிறது.

நாகமலையில் தங்கியவர்

என் அனுபவம் சிறியது. நாகமலைப் புதுக்கோட்டையில் தங்கி, ஒரு காலையில் கீழக்குயில்குடிக்குப் போய்ச் சமணர் மலையில் செட்டிப்புடவு என்னும் குகைக்கு ஏறினேன். குகையின் உட்புறம் மேலே இருந்த சிற்பங்களைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்க்க வந்த சிறுவன் ஒருவன், "படுத்துப் பாருங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத் தானே பாறையில் மல்லாந்து படுத்துக் காட்டினான். நானும் படுத்தேன். சிங்கத்தின் மேலிருந்து யானை வீரனை எதிர்த்துப் போரிடும் பெண் தெய்வம் அப்போதுதான் முழுமையாகக் கண்ணுக்குப் பட்டாள். ஆடுகள் கீழே இறங்கிவிட்டதைப் பார்த்து அவன் ஓடிப்போனான்.

இனி, திட்டமிடுபவர்களுக்குச் சொல்ல வேண்டியவை. விருதுநகர்ச் சகோதரி பட்ட சிரமத்தைத் தவிர்ப்பது எளிது. அறை பேசுவதற்கு முன் தினசரி நாட்காட்டியில் அந்தத் தேதியைப் பார்த்துவிடுங்கள். முகூர்த்தமும் பௌர்ணமியும் இல்லாத நாளென்றால் திருப்பரங்குன்றத்தில் நிம்மதியாகத் தூங்கலாம். கல்யாணக் கூட்டம் இல்லாத மாதமாயிற்றே என்று ஆடியைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அப்போது தெருவுக்குத் தெரு அம்மன் கோயில் கூழும் ஒலிபெருக்கியும் இருக்கும். சித்திரைத் திருவிழாவின்போது நகரத்துக்கும் புறநகருக்கும் வேறுபாடே இருக்காது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மாதக்கணக்கில் முன்பே இடம் பேசாதவர்கள் வேறு நாளில் வருவது நல்லது.

அடுத்தது, எந்தப் பேருந்து நிலையத்தில் இறங்கப் போகிறீர்கள் என்பது. தேனி, திண்டுக்கல், கோவைப் பக்கத்திலிருந்து வருபவர்கள் ஆரப்பாளையத்தில் இறங்குவார்கள். அவர்களுக்குத் தேனி சாலையில் இருக்கும் நாகமலைப் புதுக்கோட்டை வசதி. காரைக்குடி, திருச்சி, சென்னைப் பேருந்துகள் மாட்டுத்தாவணிக்கு வருகின்றன. அங்கிருந்து ஒத்தக்கடை பக்கம், திருநகர் நகரத்தின் எதிர்க்கோடி. திருநகருக்கும் திருப்பரங்குன்றத்துக்கும் பெரியார் நிலையத்திலிருந்து நகரப் பேருந்துகள் அடிக்கடி உண்டு. விமானத்தில் வருபவர்களுக்கும் தெற்குப் புறநகரே அருகில்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குப் புறநகரிலிருந்து போகிறவர்கள் நடை சாத்தும் நேரத்தை வைத்தே நாளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பன்னிரண்டரை மணிக்குச் சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். பதினொரு மணிக்குச் சாவகாசமாகக் கிளம்பினால் வெயிலில் சித்திரை வீதியைச் சுற்ற நேரும். 2018 முதல் கைப்பேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. அதை ஒப்படைக்கவும் திரும்பப் பெறவும் வரிசையில் நிற்க வேண்டும் என்பதால் அறையிலேயே வைத்துவிட்டு வருவது உத்தமம். இரவுப் பள்ளியறைப் பூசையைப் பார்க்க விரும்புகிறவர்கள், சொக்கநாதரின் பாதங்கள் பல்லக்கில் அம்மன் சன்னதிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, திரும்பிச் செல்ல ஆட்டோவை முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். தூங்கா நகரம் என்பது பெரியார் நிலையத்தைச் சுற்றியுள்ள வீதிகளுக்குப் பொருந்தும். புறநகரில் அந்த நேரத்துக்கு இட்லிக் கடையைக்கூடக் கழுவிக் கவிழ்த்திருப்பார்கள்.

திருநகர்க் குடித்தனக்காரி

நாகமலை ஐயா எல்லாவற்றையும் எழுதினார், தண்ணீரை விட்டுவிட்டார். எங்கள் வீட்டு மாடியிலும் வெளியூரார் சில நாள் தங்குவதுண்டு. குளிக்கவும் துணி துவைக்கவும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். சமையலுக்குக் குழாயில் நல்ல தண்ணீர் வரும் நாளில் பிடித்துக் குடங்களில் மூடி வைத்திருப்போம்.

போன கோடையில் தங்கிய குடும்பத்துப் பேரன் அந்தக் குடத்துத் தண்ணீரில் தன் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் எதுவும் சொல்லவில்லை. பார்த்துவிட்ட அவனுடைய பாட்டி, இருட்டிய பிறகு இரண்டு தெரு தள்ளித் தெரிந்தவர் வீட்டுக்குப் போய், ஒரு குடம் நல்ல தண்ணீரை இடுப்பில் சுமந்துகொண்டு வந்து என் அடுப்படியில் இறக்கி வைத்தார். எழுபது வயதுக்குக் குறையாது. சேலை முந்தானையெல்லாம் நனைந்திருந்தது. "வேண்டாம் அத்தை" என்று நான் தடுத்ததை அவர் காதில் வாங்கவே இல்லை. பேரனை அழைத்து, குடத்தின் மேல் தட்டை அவன் கையாலேயே மூட வைத்தார்.

ஆகவே காரைக்குடி ஐயா, வீடு பேசும்போது குடிநீர் எப்படி என்பதை முதலில் கேளுங்கள். அறுவை முடிந்தவருக்கு முகம் துடைக்கக் காய்ச்சி ஆறவைத்த நல்ல தண்ணீர் வேண்டியிருக்கும். கேன் தண்ணீர் வண்டி எந்தத் தெருவுக்கு எந்த நேரத்தில் வரும் என்பதை வீட்டுக்காரரே சொல்லிவிடுவார்.