ஃபாண்டன்ட்டுக்குத் தமிழ்: உருகுபாகு, வனைபாகு

வணக்கம். கேக்கின் மேல் ஊற்றவும் போர்த்தவும் பயன்படும் சர்க்கரைப் பண்டமான ஃபாண்டன்ட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் நீங்கள் எழுதியது:

> ஃபாண்டன்ட் என்பதற்கு ‘உருகுபாகு’ எனலாம். பிரெஞ்சு மூலச்சொல்லுக்கும் உருகுவது என்றுதான் பொருள்.

மூலச்சொல் பற்றி நீங்கள் சொன்னது சரி, ஐயா. ஆனால் அது ஊற்றிப் பூசுகிற வகைக்குத்தான் பொருந்துகிறது. சர்க்கரையையும் தண்ணீரையும் ஏறக்குறைய 115 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சி, ஆறவிட்டு, விடாமல் கடைந்தால் பால்போல வெளுத்து வருமே, அந்தப் பாகு. நாக்கில் பட்டதும் கரையும். கேக்குக்குப் போர்த்துவதும் பூ செய்வதும் வேறு ஃபாண்டன்ட். ஐசிங் சர்க்கரையில் குளுக்கோஸ் பாகு, ஜெலட்டின், கிளிசரின் சேர்த்துச் சப்பாத்தி மாவுபோலப் பிசைவது. அது உருகினால் செய்த வேலையெல்லாம் வீண். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர் என்பதற்காகத் தமிழிலும் அந்தக் குழப்பம் வேண்டாம். ஊற்றுகிற வகைக்கு உருகுபாகு இருக்கட்டும், நல்ல சொல்.

பிசைகிற வகைக்கு நான் சொல்வது ‘வனைபாகு’. மண்ணை வனைவதுபோல விரலால் உருக்கொடுக்கும் பாகு. சுடுநீர், ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, சொல்லவும் எளிது. இழையில் வந்த ‘சர்க்கரை மாவு’ சரிவராது. கடையில் கேட்டால் ஐசிங் சர்க்கரையைத்தான் எடுத்துத் தருவார்கள். ‘சர்க்கரை மெழுகு’ எனக்குப் பிடித்தது. சித்த மருத்துவத்தில் மெழுகு என்று ஒரு மருந்து வகையே உண்டு. ஆனாலும் பிறந்தநாள் கேக்கில் மெழுகுவத்தியும் நிற்கிறது, குழந்தை எதைத் தின்பது?

அப்புறம், வனைபாகில் செய்து கேக்கில் வைக்கும் ‘போ’ (bow). இதை ‘வில்’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். வில் அம்பு எய்வதற்கு. பள்ளிக்குப் போகும் பெண்ணுக்கு இரட்டைச் சடையை மடித்துக் கட்டும்போது ரிப்பனில் ‘பூ’ போடுகிறோம், அதேதான் இது. ‘நாடாப்பூ’ என்றால் பாவாடை நாடா நினைவு வருகிறது. ரிப்பன்பூ என்றே இருக்கட்டும், வழக்கில் இருப்பதை மாற்ற எனக்கு மனமில்லை.

அதன் உறுப்புகளுக்கும் சொல் வேண்டும். வனைபாகை 2, 3 மில்லிமீட்டர் கனத்துக்கு விரித்துப் பட்டையாக வெட்டி, மடித்து, முனையைத் தண்ணீர் தொட்டு ஒட்டினால் ‘காது’. இரண்டு காது, நடுவில் சிறு பட்டை சுற்றிய ‘முடிச்சு’, கீழே இரண்டு ‘வால்’. காதுக்குள் டிஷ்யூ காகிதத்தைச் சுருட்டி வைத்து ஒரு நாளாவது காயவிட வேண்டும். சென்னையில் ஐப்பசி மழை நாட்களில் அதுவும் போதாது. கிளிசரின் ஈரத்தைப் பிடித்துவைக்கும், காது தொய்ந்துவிடும். போன வருடம் ஒரு கல்யாணக் கேக்குக்குச் செய்த ரிப்பன்பூவைக் குளிர்பெட்டியில் வைத்தேன். வெளியே எடுத்ததும் வியர்த்து ஒட்டிக்கொண்டது. இரவோடு இரவாக வேறு செய்தேன்.

இப்போதெல்லாம் கால் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி சிஎம்சி (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) என்ற கெட்டியாக்கும் பொடி சேர்த்துப் பிசைகிறேன். விரைவில் விறைத்து நிற்கிறது. இன்னும் கெட்டியாகக் காய்கிற ‘கம் பேஸ்ட்’ தனி வகை, அதற்கு ‘இறுகுபாகு’ எப்படி? உருகுபாகு, வனைபாகு, இறுகுபாகு என்று மூன்றும் ஒரே குடும்பமாக நிற்கும்.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் விக்சனரி இணைய அகராதியில் மூன்றையும் சேர்த்துவிடலாம். ‘காது’ மட்டும் எனக்கு இன்னும் முழுத் திருப்தி தரவில்லை. ‘கண்ணி’ பொருந்துமா?